சொந்தச் சரக்கு

"நாலு வருஷம் என்கிட்ட சம்பளம் வாங்கிக்கினு, இப்ப என் சரக்கையே திருடி விக்கிறியே ஹெலன், இது நியாயமா?"

வாசலில் செருப்பைக் கழற்றாமலே கேட்டார் அன்புராஜ். அவருக்குப் பின்னால் கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர் மூச்சு வாங்க நின்றார். கும்மிடிப்பூண்டி வெயிலில் கறுப்புக் கோட்டோடு மாடியேறி வருகிறவர் விளையாட்டுக்கு வந்திருக்க மாட்டார் என்று ஹெலனுக்குப் புரிந்தது. அவள் கணவன் ஜெரால்ட் சிப்காட் ஃபவுண்டரியில் ஷிஃப்டில் இருந்தான். அங்கே போனை எடுக்க விடமாட்டார்கள்.

"உள்ள வாங்க சார். கொஞ்சம் மெதுவா பேசுங்க, பாப்பா தூங்குது."

"இவரு வக்கீல் வரதன்" என்றார் அன்புராஜ், மெதுவாகப் பேசாமல்.

இணையத்தில் கடை நடத்துவதற்கென்று இலவச மென்பொருள் ஒன்று உண்டு. முகம் தெரியாத யார் யாரோ எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டது. அதன் மேல் வரி கணக்குப் பார்த்து பில் போடும் பிளகின் என்கிற துணை நிரல் ஒன்றை மாட்டி, 'அன்பு பில் புரோ' என்று பெயர் வைத்து, வருடா வருடம் உரிமம் விற்றுக்கொண்டிருந்தார் அன்புராஜ். அதில் பெயர் முழுக்க முழுக்க அவருடைய உழைப்பு. மற்றதை எழுதியது ஹெலன்.

குழந்தை பிறந்த பிறகு, வீட்டிலிருந்தே வேலை செய்யட்டுமா என்று கேட்டாள். "உன்ன மாதிரி பத்து பேரு கேட்டாண்ட நிக்கிறாங்கமா" என்றார். அந்தப் பத்துப் பேருக்கு வழிவிட்டு ஹெலன் விலகிக்கொண்டாள்.

போன மாதம் பழவேற்காட்டிலிருந்து முஸ்தபா பாய் போனில் பேசினார். இறால் ஊறுகாய் வியாபாரி, அன்புராஜின் பழைய வாடிக்கையாளர். எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டி ஆந்திராவுக்குப் போகிற ஆர்டருக்கெல்லாம் பில்லில் வரி தப்பாக விழுகிறது, ஆபீசில் கேட்டால் முதலில் உரிமத்தைப் புதுப்பியுங்கள் என்கிறார்கள் என்று புலம்பினார். ஹெலன் அவரிடமிருந்த பிளகினை வாங்கிச் சரிசெய்து கொடுத்தாள். பாய் நாலு பேரிடம் சொன்னார். அவர்கள் இன்னும் பத்துப் பேரிடம் சொன்னார்கள். அன்புராஜின் விலையில் பத்தில் ஒரு பங்குதான் ஹெலன் வாங்கினாள். வருடம் முடிந்ததும் உரிமத்தைப் புதுப்பி என்று சிவப்பு எழுத்தில் மிரட்டுகிற வேலையும் அதில் கிடையாது.

"ராத்திரி பகலா கண்ணு முழிச்சு உருவாக்குனது அது. என் ரத்தம்" என்றார் அன்புராஜ்.

அவர் ஆபீசில் கண் விழித்த ராத்திரி ஹெலனுக்கும் நினைவிருந்தது. அன்று கிரிக்கெட் இறுதி ஆட்டம்.

"சார், கடை சாஃப்ட்வேரு ஓபன் சோர்ஸ். அதுக்கு மேல எழுதி விக்கிறதையும் அதே லைசென்ஸ்லதான் குடுக்கணும். வாங்கினவங்க திருத்தலாம், அடுத்தவங்களுக்குக் குடுக்கலாம், விக்கவும் செய்யலாம். நீங்களே உங்க சைட்ல அப்படித்தான் போட்டுகிறீங்க."



"அது எல்லாரும் போடறாங்களேன்னு போட்டது. அதெல்லாம் யாரு படிக்கிறா?"

வக்கீல் முதல் முறையாக வாய் திறந்தார். "போட்டிருக்கீங்களா? என்கிட்ட சொல்லவேயில்லையே."

"நீங்க சும்மா இருங்க சார்." அன்புராஜ் ஹெலன் பக்கம் திரும்பினார். "சட்டத்த உடு. போலீசு ஃபவுண்டரி கேட்டுல வந்து ஜெரால்ட விசாரிச்சா நல்லாவா இருக்கும்? உம் பேரு கெட்டா பரவால்ல, அவன் வேல இன்னா ஆவறது?"

ஹெலன் தொட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெரால்டுக்கு வேலை நிரந்தரமாகி இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. கண்ணில் நீர் முட்டியது. அவர் முன்னால் அழுவதா என்று விழுங்கிக்கொண்டாள்.

"இனிமே விக்கலன்னு எழுதிக் குடுக்கணும்னா குடுத்துடறேன் சார். ஆனா திருடினேன்னு மட்டும் எழுத மாட்டேன். நீங்க எந்த கேஸ் போட்டாலும் சரி."

வக்கீல் ஃபைலால் விசிறிக்கொண்டார்.

அன்புராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வக்கீலிடம், "நீங்க கீழ கார்ல ஏசி போட்டுக்கினு உக்காருங்க சார். நான் தனியா பேசிட்டு வரேன்" என்றார்.

வக்கீல் கேட்டதே போதும் என்பதுபோல் படியிறங்கினார். அன்புராஜ் கதவை முக்கால்வாசி சாத்தினார். இனிமேல்தான் அசல் மிரட்டல் வரப்போகிறது என்று ஹெலன் மனசைத் திடப்படுத்திக்கொண்டாள். பக்கத்து வீட்டுச் செண்பகம் அக்காவைக் கூப்பிட்டால் கேட்குமா என்றும் யோசித்தாள்.

அவர் நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார். வந்ததிலிருந்து முதல் முறையாகக் குழந்தை எழுந்துவிடக் கூடாதே என்கிற குரலில் பேசினார்.

"அந்த எளாவூர் மேட்டர எப்படிமா சரி பண்ண? நம்ம ஆபீஸ்ல ஒரு மாசமா எல்லாரும் மண்டைய ஒடைச்சுக்கினுகிறாங்க, ஒண்ணும் நடக்கல. நம்மகிட்ட வாங்குன பம்புசெட்டு கம்பெனிக்காரன் அத சரி பண்ண இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும்தான் டைம் குடுத்துகிறான்."

ஹெலன் புரியாமல் பார்த்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"நம்பரு சொல்லு, இப்பவே பணம் அனுப்பிடறேன். உன்னுது எனக்கு ஒண்ணு குடு. பில்லுல மட்டும் எங்க கம்பெனி பேரு போட்டுடாத."