எட்டாவது நாடா

வீரய்யா முகங்களைப் பார்க்கவில்லை, கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

கம்பிவேலிக்குள்ளே நட்டிருந்த கம்பத்தைச் சுற்றி எட்டு ஜெர்மன்காரர்கள் ஆடினார்கள். உச்சியிலிருந்து தொங்கிய எட்டு நாடாக்களில் ஆளுக்கு ஒன்று. நான்கு பேர் ஆண்கள். மற்ற நான்கு பேரும் திரைச்சீலையைப் பாவாடையாகத் தைத்துக் கட்டி, தலைத்துணியைக் கன்னம்வரை இழுத்துவிட்ட ‘பெண்கள்’.

இங்கிலீஷ்காரனோடு சண்டை மூண்டதும் தீவெங்கும் பிடித்துவந்து, மலைமேல் இருந்த தியத்தலாவை முகாமில் அடைத்த கூட்டம் அது. கடைக் குமாஸ்தா, கப்பற்காரன், கடிகாரம் பழுதுபார்க்கிறவன். ஒருவனும் தொழில் ஆட்டக்காரன் இல்லை. எங்கே போனாலும் ஊர் வழக்கம் விட்டுப்போகக் கூடாதென்று ஒரு செந்தாடிக்காரன் இவர்களைச் சேர்த்து ஆடவைத்தான். அரை அடி பிசகினாலும் கத்துவான். பாஷை புரியாவிட்டாலும் வசவு வசவுதானே.

அடைபட்டவனுக்கு இத்தனை கும்மாளம் எதற்கு?

முகாமைக் கூட்டுகிற வீரய்யாவுக்கு முதல் நாளிலிருந்தே அது உறுத்தியது. மீசைக்காரன் பாவாடை கட்டினால் ஒன்று பைத்தியம், இல்லாவிட்டால் ஏதோ காரியம். இவர்களைப் பார்த்தால் பைத்தியமாகத் தெரியவில்லை.

‘நம்ம பின்னல் கோலாட்டம் மாதிரியே இருக்கே’ என்று முகாம் கிளாக்கர் நல்லையாவிடம் ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இன்று காலை அவன் கையிலிருந்த விளக்குமாற்றை வாங்கி ஓரமாகச் சாத்திவிட்டு, கிளாக்கர் குரலைத் தாழ்த்தினார்.

“பாம்பின் கால் பாம்பறியும்னு சொல்வாங்க. அந்த ஆட்டத்துல ஏதும் சூது இருக்கான்னு நீதான் பாத்துச் சொல்லணும். சரியாச் சொன்னா இங்கேயே நிரந்தர வேலை. ஒருத்தன் தப்பினான்னா மொதல்ல உன்னைத்தான் விசாரிப்பாங்க.”

விசாரணை என்றால் பேர், ஊர், பழைய தோட்டம் எல்லாவற்றையும் தோண்டுவார்கள்.

பெட்டி வாத்தியம் முழங்கியது. பின்னல் கம்பத்தில் இறங்க இறங்க, மேலே ஒருவன், கீழே ஒருவன் என்று நுழைந்து நுழைந்து போனார்கள். தப்பே இல்லை. பின்னுவது யாருக்கும் வரும். முன்னால் போகிறவனைப் பார்த்துப் போனால் போதும்.

பிறகு எதிர்ப்பக்கம் திரும்பினார்கள். இனி அவிழ்க்க வேண்டும்.

எட்டாவது நாடாவைப் பிடித்திருந்த ‘பெண்’ குனிய வேண்டிய இடத்தில் நிமிர்ந்தாள். நாடா சிக்கியது. அடுத்த சுற்றில் இன்னும் இறுகியது. நேற்றுவரை அந்தக் கால்கள் ஒருமுறைகூடப் பிசகியதில்லை.

வீரய்யா செந்தாடிக்காரனைப் பார்த்தான்.

அவன் கத்தவில்லை. சிரித்துக்கொண்டே இன்னும் பலமாகக் கைதட்டினான்.

வேலியோரம் நின்ற சிப்பாய் விரலை நீட்டி எண்ணினான். எட்டு. திருப்தியாக நகர்ந்துபோனான்.

வீரய்யாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நோயாளிக் கொட்டகையைச் சற்று முன்புதான் எண்ணி முடித்திருந்தார்கள். அங்கே படுத்திருந்தவன் எவனோ எழுந்துவந்து பாவாடையைக் கட்டிக்கொண்டு இரண்டாம் தடவையும் எண்ணிக்கையில் சேர்ந்துவிட்டான். எட்டாவது நாடாவின் சொந்தக்காரன் இந்நேரம் அப்புத்தளைப் பாதையில் பாதி தூரம் போயிருப்பான்.

ஆட்டம் நின்றது. கிளாக்கர் வந்து புருவத்தை உயர்த்தினார்.

“சூதெல்லாம் ஒண்ணும் இல்லீங்கய்யா. எட்டுப் பேரும் ஒழுங்காத்தான் ஆடுறாங்க.”

கிளாக்கர் கம்பத்தில் கிடந்த சிக்கலையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு அவன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. முகாம் துரையைக் கூட்டிவரப் போனார்.

வீரய்யா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். செந்தாடிக்காரன் முகத்தில் ரத்தமே இல்லை. வீரய்யா அவனைப் பார்க்காமல், எட்டாவது நாடாவைக் கையில் எடுத்து, மேல் ஒன்று கீழ் ஒன்றாகத் தளர்த்தி, துரை வருவதற்குள் முழுதாக அவிழ்த்துத் தொங்கவிட்டான்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், நமுனுகுலத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில், பின்னல் கோலாட்டத்தில் பெண் வேஷம் கட்டும் ஒருவன், தோட்டத்தைவிட்டுப் போகத் துரை தரும் துண்டுச்சீட்டு இல்லாமல் மலையிறங்கி ஓடினான். அவன் கண்மறையும்வரை, சேலை கட்டி முக்காடு போட்டு, அவனுடைய நாடாவைப் பிடித்துச் சுற்றியது அவன் தம்பி ரெங்கசாமி. பாவம், பின்னத் தெரிந்த பயலுக்கு அவிழ்க்கத் தெரியவில்லை. சிக்கலைக் கண்ட யாரோ கங்காணியின் காதில் போட்டுவிட்டார்கள். ரெங்கசாமியை, காலையில் ஆளெண்ணும் பெரட்டுக்களத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். அதற்குப் பிறகு அவன் எழுந்து நடக்கவில்லை.

ஓடினவனுக்கு அப்போது வீரய்யா என்று பேர் இல்லை.