வீட்டுப் பாத்தி

“மருந்தடிச்சதா, றோசம்மாக்கா?”

“மாதாவாணச் சொல்றன் டீச்சர், ஒரு துளி இல்ல. எங்கட தோட்டத்த உங்களுக்குத் தெரியாதா?”

றஜனி டீச்சர் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு ஓட்டை இல்லை, ஒரு சொத்தை இல்லை. சந்தோசமாகப் பையை நிரப்பிக்கொண்டு போய்விட்டாள்.

மாதா பாவம்! நேற்றுப் பொழுதுபட றோசம்மாவின் புருசன் யாக்கோப்பு முதுகில் மருந்து டாங்கியைக் கட்டிக்கொண்டு கத்தரி, பயிற்றை, பாகல் எல்லாவற்றுக்கும் அடித்து முடித்ததை அவளும் பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பாள். விடிய ஆய்ந்து விற்கப் படலையடியில் வைத்தாயிற்று. அடித்தால் சில நாள் விட்டுத்தான் ஆய வேண்டும் என்று மருந்துப் போத்தலிலேயே எழுதிக் கிடக்கிறது. விட்டால் காய் முற்றிப்போகுமே! அடிக்காமல் விட்டால் பூச்சி அரிக்கும். அரித்த காய் ஒன்றைக் கூடைக்குள் கண்டாலே ஊர்ச்சனம் முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விடும். புருசனும் பெண்சாதியும் பாடுபடுகிற அரை ஏக்கர் தோட்டம், அதுக்கு மேல் என்னதான் செய்கிறது? றோசம்மா தன் மனசுக்குச் சொல்லிக்கொள்ளும் நியாயம் இது.

ஆனால் குசினிக்குப் பின்னால், பழைய நுளம்பு வலையால் மறைத்த ஒரு பாத்தி இருந்தது. அந்தப் பக்கம் டாங்கி போகாது. அங்கே காய்ப்பதெல்லாம் கோணல் மாணல். பாதி புழுவுக்கு, மீதி வீட்டுக்கு.

தங்கச்சி டினுஷா பிள்ளை பெத்து இந்த வீட்டுக்குத்தான் வந்திருந்தாள். தாயில்லாத பெட்டைக்கு அக்கா வீடுதான் தாய்வீடு. பாலோ போதவில்லை. பிள்ளை குடிக்கும், அழும், மறுகா குடிக்கும், நிறை மட்டும் ஏறவில்லை. கிளினிக்கில் நிறுத்துப் பார்த்த மிஸ்ஸியும் முகத்தைச் சுருக்கிவிட்டா. றோசம்மாவுக்கு அந்த ஏக்கம்தான் இரவும் பகலும். தங்கச்சியின் சட்டிக்குள் முன்தோட்டத்து இலை ஒன்று விழ அவள் விடமாட்டாள். பால் சுரக்கவென்று நாள் தவறாமல் சுறாவும் சமைத்துக் கொடுத்தாள்.

சுறா கொண்டுவருகிறவன் தங்கராசா. வாழைச்சேனைத் துறையில் மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி ஊருக்குள் விற்கிறவன். இவர்களுக்குள் காசுப் பேச்சில்லை. அவன் மீன் தருவான், இவள் காய் கொடுப்பாள்.

அன்றைக்கு வந்தவன் ஹோர்ன்கூட அடிக்காமல் படலையடியில் இறங்கி நின்றான்.

“என்ன தம்பி, முகம் செத்துக் கிடக்கு?”

“மனிசிக்கு நேத்துத்தான் ஆஸ்பத்திரியில வீட்ட போகச் சொல்லித் துண்டு வெட்டினாங்க அக்கா. வீட்ட கூட்டி வந்திட்டன். ஈரல் பழுதாம். இனி சாப்பாட்டுலதான் ஆளக் காப்பாத்தலாமெண்டு டொக்டர் சொல்லிட்டார். மருந்தடிச்ச மரக்கறி கண்ணிலயும் காட்டப்படாதாம்.”

“ஐயோ மாதாவே.”

“சந்தையில வாங்கப் பயமாக் கிடக்கு. உங்கட தோட்டமெண்டாக் கண்ண மூடிட்டு வாங்கலாம்தானே அக்கா?”

பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான். றோசம்மா கூடைக்குள் கையை விட்டாள். கை கத்தரிக்காயைப் பிடித்தது, தூக்க வரவில்லை. டீச்சருக்குச் சொன்ன பொய்யை இவனுக்குச் சொல்ல ஏலவில்லை.

“நில் தம்பி, இந்தா வாறன்.”

பின்னால் போனாள். வலையைத் தூக்கி உள்ளே புகுந்து, டினுஷாவின் பகல் கறிக்கென்று விட்டிருந்தது வரைக்கும் ஆய்ந்து, மடியில் கட்டிக் கொண்டுவந்து அவன் பைக்குள் கொட்டினாள்.

“என்னக்கா, எல்லாம் பூச்சி அரிச்சுக் கிடக்கு?”

“பூச்சி திண்டாப் பயமில்லடா. கூடைக்குள்ள உள்ளதுதான் பயம். அது நேத்து அடிச்சுப்போட்டு இண்டைக்கு ஆய்ஞ்சது. இது எங்கட வீட்டுக்கெண்டு வைச்ச பாத்தி. இனி உன்ட மனிசிக்கு இதுலதான் தருவன்.”

தங்கராசா கூடையைப் பார்த்தான். பையைப் பார்த்தான். மாதக்கணக்காக அந்தக் கூடையில்தான் அவன் வாங்கிப்போயிருக்கிறான், அதைத்தான் அந்த மனிசியும் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறாள்.

“ஏசு தம்பி. வாயில வந்தத ஏசிட்டுப் போ. எனக்கு வேணும்.”

அவன் ஏசவில்லை. குனிந்து பையின் வாயை முடிந்தான். றோசம்மா சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். ஒரு பாரம் இறங்கின மாதிரித்தான் இருந்தது. இந்த ஒருவனுக்காவது நேர்மையாக நடந்தேன் என்று ஒரு சின்ன நிம்மதியும் வந்தது.

“சரி, டினுஷாவுக்குச் சுறா எடு. இந்தா, பெட்டிக்குள்ள நல்லதா ஒண்டு கிடக்கே.”

தங்கராசா பெட்டியின் மூடியை அடித்துச் சாத்தினான். கிறுகிப் போய், ஹாண்டிலில் கொழுவியிருந்த சின்னப் பையைக் கழற்றி வந்து அவள் கையில் வைத்தான். அதற்குள்ளும் சுறாதான்.

“இதக் குடுங்க அக்கா. பெட்டி மீன் வேணாம், பால் குடுக்கிற பிள்ளை.”

“ஏன்டா? இவ்வளவு நாளும் பெட்டியில இருந்துதானே எடுத்துத் தந்த?”

உள்ளே டினுஷா அழுகிற பிள்ளையைப் பாலுக்கு அணைத்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. தங்கராசா தலையை நிமிர்த்தவில்லை.

“பெட்டி மீனுக்குப் பழுதாகாம மருந்து போட்டிருக்கு அக்கா. இது எங்கட வீட்டுக்கெண்டு எடுத்து வைச்சது.”