எடுக்காத போன்

“போன் பண்ணினா எடுக்கத் துப்பில்லை. இப்ப வந்து அழுதா ஆச்சா?”

சிஸ்டர் போட்ட சத்தத்தில், வெளியே டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டரின் மேஜைமேல் பாப்பா படுத்திருந்தாள். ஏழு மாதம். தலை இன்னும் நிற்கவில்லை. அம்மா அவள் முகத்துக்கு நேரே விரலை ஆட்டினாள். கண் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“இவ மேல ஒரு வாடை வருது டாக்டர். ரெண்டு வேளை குளிப்பாட்டியும் போக மாட்டேங்குது.”

“அதுவும் இந்த வியாதிதாம்மா. பிறந்த மூணாம் நாள் குதிகால்ல குத்தி ரத்தம் எடுத்தாங்களே, அதுலயே தெரிஞ்சிருக்கு. புரதத்துல இருக்கிற ஒரு சத்தைப் பிரிக்கிற என்சைம் இவ உடம்புல பிறவியிலேயே வேலை செய்யலை. அம்மா, அப்பா ரெண்டு பேர்கிட்டயிருந்தும் வந்தது. பால்ல இருக்கிற அந்தச் சத்து ரத்தத்துல தேங்கி, மூளையைக் கெடுத்திருக்கு.”

“பாலா? என் பாலா டாக்டர்?”

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

“பசிக்கிறதுக்கு முன்னாடியே எடுத்து எடுத்துக் கொடுத்தேனே...”

“முதல் மாசமே வந்திருந்தா, தனிப் பால்பவுடர், அளந்த சாப்பாடுன்னு மத்த குழந்தைங்க மாதிரியே வளர்த்திருக்கலாம். இனிமே மோசமாகாம பார்த்துக்கலாம். போனது போனதுதான்.”

“எங்களுக்கு எந்த போனும் வரலையே!” என்றான் பாப்பாவின் அப்பா.

“பதினெட்டு வருஷ சர்வீஸ் எனக்கு. பொய்யா சொல்றேன்? மூணு தடவை கூப்பிட்டிருக்கேன். பதிவேட்டைக் காட்டறேன், இருங்க.”

சிஸ்டர் விருட்டென்று உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்துப் பதிவேட்டோடு வந்து, பக்கத்தை விரித்து வைத்தாள்.

டாக்டர் பார்த்தார். “ஆமா. மூணு தேதி போட்டிருக்கு. மூணுலயும் ‘எடுக்கவில்லை.’” பெரிய ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார்.

புருஷன் மனைவி பக்கம் திரும்பினான்.

“போன் உன்கிட்டதானே இருந்துச்சு?”

“அசந்து தூங்கியிருப்பேங்க. பச்சை உடம்பு...”

“மூணு தடவையுமா தூங்கினே?”

அவன் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அவள் பதிவேட்டை இழுத்து, ஒவ்வொரு தேதியாக விரல் வைத்துப் படித்தாள். “இந்த நாள் என்ன பண்ணிட்டிருந்தேன்... இந்த நாள்...” ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. புறங்கையாலும் விரலாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள், சிஸ்டரின் கையைப் பிடித்தாள்.

“பெத்தவ எனக்கு இல்லாத அக்கறை உங்களுக்கு இருந்திருக்கு சிஸ்டர். நான்தான் பாவி. என்னை மன்னிச்சிடுங்க.”

சிஸ்டர் அவள் கன்னத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏழு மாதத்துக்கு முன் எழுதிய மை, இன்னும் காயாமல் அந்தக் கன்னத்தில் நீலமாக இழுபட்டிருந்தது.