பின்கதவில் ஒரு நாமம்

“எவடி என் ஊட்டுப் பின்கதவுல நாமத்தைப் போட்டது?”

காலங்காத்தாலே ஜெயசீலி போட்ட சத்தத்தில் அயனம்பாக்கம் ஏரிக்கரைத் தெருவே விழித்துக்கொண்டது.

ஏற்கெனவே ஒரு வாரமாக அங்கே யாருக்கும் சரியான தூக்கம் கிடையாது. ரத்தக் காட்டேரி வருகிறதாம். ஆவடியில் மாட்டைக் கடித்ததாம், வெள்ளானூரில் ஆளையே உறிஞ்சிவிட்டதாம். எஸ்டேட் ஃபாக்டரிகளில் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் ஆளுக்கொரு சேதி கொண்டுவந்தார்கள். கண்ணால் பார்த்தவன் மட்டும் ஒருத்தனும் இல்லை.

அந்த எண்பத்தொன்பதாம் வருஷம் தெருவில் காட்டேரிக்குப் பயந்து குறி போடாத கதவே கிடையாது. இந்துக்கள் வீட்டில் நாமம், வேதக்காரர் வீட்டில் சிலுவை. ஜெயசீலியின் முன்கதவிலும் சுண்ணாம்பில் முழ நீளச் சிலுவை.

பயத்துக்குக் காரணம் இருந்தது. மகள் அருள்செல்வி பிரசவத்துக்கு வந்திருந்தாள். எட்டு மாசம். முதல் பிள்ளை தங்கவில்லை. காட்டேரிக்குப் பிள்ளைத்தாய்ச்சி ரத்தம்தான் பிரியம் என்று எவரோ கிளப்பிவிட்டதிலிருந்து அந்தப் பெண் வாசல்படி தாண்டுவதில்லை.

காட்டேரியைவிடப் பெரிய பயம் ஒன்றும் ஜெயசீலிக்கு உண்டு. நசரத்பேட்டைச் சம்பந்தி ஆரோக்கியம்மாள். தாம்பூலத் தட்டில் மஞ்சள்துண்டு இருந்ததற்கே “இதெல்லாம் அஞ்ஞானிங்க பழக்கம்” என்று கல்யாணத்தன்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டவள். நேற்று சாயங்காலம் மருமகளைப் பார்த்துவிட்டுப் போனவள், இன்று பத்து மணிக்கு வீடு மந்திரிக்க ஃபாதரையே கூட்டிக்கொண்டு வருகிறாள்.

அவள் கண்ணில் இந்த நாமம் பட்டால்? மருமகளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளவே மாட்டாள்.

கொல்லை, பக்கத்து வீட்டுச் சொர்ணத்துக்கும் பொது. ஜெயசீலி அவள்மேல் பாய்ந்தாள்.

“நீதானேடி போட்ட?”

“நான் எதுக்குக்கா போடப்போறேன்?”

“நேத்துகூடச் சொன்னியே, பின்கதவு சும்மா கீது, எதுனா போடுன்னு?”

“வவுத்துப் புள்ளக்காரி கீற ஊடாச்சேன்னு மனசு கேக்காம சொன்னேன்க்கா. நீ சிலுவை போடுவேன்னுதான் நெனச்சேன்.”

“நடிக்காதடி! எம் பொண்ணு வாழாவெட்டியா வந்து குந்திக்கினா ஒனக்குக் குளிரும். இனிமே என் ஊட்டுப் பக்கம் தலவெச்சிப் படுக்காத!”

சொர்ணத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அருள்செல்விக்கு வாய்க்குப் பிடிக்காமல் போனபோதெல்லாம் நார்த்தங்காய் ஊறுகாயும் கையுமாக ஓடிவந்தவள் அவள்தான். ஜெயசீலிக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு.

“தண்ணி ஊத்தித் தொடைச்சிடு!”

“யக்கா, அது பெருமாள் பாதம்க்கா. என் கையால எப்பிடி அழிப்பேன்?”

“அப்ப நான் வெளக்குமாத்தால தேய்க்கட்டா?”

“ஐயோ, வேணாம்க்கா!”

சொர்ணம் பதறிப்போய் முந்தானையை நனைத்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “புள்ளத்தாச்சிக்காகத்தான், பெருமாளே” என்று முணுமுணுத்தபடி ஒற்றி ஒற்றித் துடைத்தாள். துடைத்துவிட்டுத் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பத்து மணிக்கு ஆரோக்கியம்மாளோடு ஃபாதர் வந்தார். ஜெபம் சொல்லி அறை அறையாகத் தீர்த்தம் தெளித்தார். பின்கதவுக்கும் தெளித்தார். ஜெயசீலி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் எதையும் கவனிக்கவில்லை. ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பிப் போனார்.

அப்பாடா என்று ஜெயசீலிக்கு மூச்சு வந்தது.

வந்த மூச்சு அப்படியே நின்றது. ஆரோக்கியம்மாள் எழுந்து நேராகக் கொல்லைக்குப் போனாள். கதவைப் பார்த்தாள். குனிந்து பார்த்தாள். விரலால் தடவியும் பார்த்தாள்.

“சம்பந்தி, அது வந்து... பக்கத்து ஊட்டுக்காரி தெரியாம...”

“உஷ்! ஃபாதர் போயிட்டாரா?”

“போயிட்டாரு.”

ஆரோக்கியம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“இன்னா இப்பிடிப் பண்ணிட்டீங்க? நேத்து கைகால் கழுவ வந்தப்ப, யார் கண்ணுலயும் படாம நான் போட்டுட்டுப் போன நாமத்தை யார் அழிச்சது?”

“நீங்களா போட்டீங்க?”

“பின்ன? வர்றது இந்த ஊர்க் காட்டேரி. அது இன்னா ஞானஸ்நானம் வாங்கினதா, சிலுவையைப் பாத்துப் பயப்பட? ஒரு புள்ள போனது போதும் சம்பந்தி. இதுவாச்சும் தங்கட்டும்.”

சொல்லிக்கொண்டே நாமம் இருந்த இடத்தை இன்னொரு தரம் தடவினாள்.

காலையில் கத்தியதெல்லாம் ஒன்றுவிடாமல் ஜெயசீலிக்கு நினைவுக்கு வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

“மசமசன்னு நிக்காதீங்க. நான் கொண்டாந்த கட்டி நேத்தே கரைஞ்சிபோச்சி. பக்கத்து ஊட்டம்மா நாமம் போடுறவங்கதானே? போய்ப் பதமாப் பேசி, ஒரு நாமக்கட்டி வாங்கினு வாங்க!”