வீணான பொருள் ஒன்று

"இன்னைக்கும் கையை வீசிக்கிட்டு வந்துட்டியா பாப்பாத்தி?"

கண்ணகி டீச்சர் கேட்டதும் சமுதாயக் கூடத்தில் இருந்த பதினெட்டுப் பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் பாப்பாத்தி வெறுங்கையோடு நின்றாள்.

களமருதூர் மகளிர் குழுவுக்கு ஐந்து நாள் பயிற்சி. பிளாஸ்டிக் இல்லாமல் பொங்கலுக்கு வீட்டை அலங்கரிப்பது எப்படி, தூக்கிப் போடுகிற பொருளில் அழகு சாமான் செய்வது எப்படி என்று சொல்லிக் கொடுக்க, கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் கண்ணகியை அனுப்பியிருந்தது. ஐந்தாம் நாள் போட்டி. ஜெயிப்பவளுக்குத் தியாகதுருகத்தில் நிறுவனத்தின் கடையில் நிரந்தர வேலை. நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை.

நாற்று நட்டே இடுப்பு விட்டுப்போன பாப்பாத்திக்கு அந்த வேலை மேல் உயிர். கையும் நல்ல கை. பனையோலையில் அவள் பின்னிய கிளித் தோரணத்தைப் பார்த்துக் கண்ணகியே அசந்து போயிருந்தாள்.

ஆனால் போட்டிக்கு ஒரு விதி உண்டு. அவரவர் வீட்டில் வீணாகக் கிடக்கும் பொருளைக் கொண்டுவந்து, அதில்தான் செய்ய வேண்டும். நான்கு நாளாகப் பாப்பாத்தி ஒரு துரும்பும் கொண்டுவரவில்லை.

"தேடிப் பாத்தங்க டீச்சர். கெடைக்கல."

"குப்பை கூடவா கிடைக்கல? செல்லியம்மா நாலு பாட்டில் கொண்டாந்திருக்காங்க பாரு."

செல்லியம்மாள் விவரமானவள். கடையில் நான்கு கூல்டிரிங்ஸ் புதிதாக வாங்கி, பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, பாட்டிலைக் கழுவி எடுத்து வந்திருந்தாள்.

"உன் வீட்ல காலி பாட்டில் இல்லையா?"

"இருக்குதுங்க. அதுலதான் எண்ணெ ஊத்தி வச்சிக்கினு இருக்கேன்."

"கொட்டாங்குச்சி?"

"அடுப்பெரிக்கணுங்களே."

"சரி, பழைய புடவை?"

"கொழந்தைக்குத் தூளி கட்டிக்கிறேங்க."

"கிழிஞ்ச புடவை?"

"கிழிஞ்சதுதாங்க தூளி. அதுவும் கிழிஞ்சா தலைக்குச் சும்மாடு ஆவும்."

கூடமே சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பாப்பாத்திக்குப் புரியவில்லை.

"வேஸ்ட்டு, வேஸ்ட்டுன்றீங்களே டீச்சர். அது எப்டிங்க இருக்கும்? நெஜமாவே எனக்கு வெளங்கல."

கண்ணகிக்குச் சுருக்கென்றது. நக்கல் செய்கிறாளா? முகத்தைப் பார்த்தால் அப்படியும் தெரியவில்லை.

"ஒரு தடவை தொட்டுட்டுத் தூக்கிப் போடுறது. அப்புறம் அதை யாரும் தேட மாட்டாங்க. அதான் வேஸ்ட். நாளைக்குக் கொண்டுவரலைன்னா உன் பேரை அடிச்சிடுவேன், பாத்துக்க."

பாப்பாத்தி அதை வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, வழக்கம்போல அவள்தான் துடைப்பத்தை எடுத்துக் கூடத்தைக் கூட்டினாள். நான்கு நாளாக இதே வேலை. நல்லாக் காக்கா பிடிக்கிறா என்று நினைத்துக்கொண்டே கண்ணகி கிளம்பினாள்.

உளுந்தூர்பேட்டை பஸ்ஸுக்குப் போகிற வழியில்தான் பாப்பாத்தியின் வீடு. இவள் சொல்வது எவ்வளவு நிஜம் என்று பார்த்துவிடலாமே என்று கண்ணகி எட்டிப் பார்த்தாள்.

வாசலில் கதவுக்குப் பதில் உரச்சாக்கில் தைத்த படுதா. விரிசல் விட்ட குடத்தில் கறிவேப்பிலைச் செடி. தேய்ந்த துடைப்பக்கட்டை கோழிக்கூட்டுக்குத் தாழ்ப்பாளாகி இருந்தது. உள்ளே, கூரையில் இரண்டு இடத்தில் வானம் தெரிந்தது. பின்பக்கம் போய்க் குப்பைக் குழியையும் பார்த்தாள். சாம்பலும் சாணமும்தான்.

எங்கேதான் ஒளித்து வைத்திருக்கிறாள்? ஒன்றும் பிடிபடாமல் கண்ணகி பஸ் ஏறினாள்.

மறுநாள் பாப்பாத்தி முதல் ஆளாக வந்தாள். தலையில் ஒரு பெரிய சாக்கு மூட்டை. முகமெல்லாம் சிரிப்பு.

"கெடச்சிட்சிங்க டீச்சர்! நீங்க சொன்னா மாதிரியேதான். ஒரு தபா தொட்டுட்டுத் தூக்கிப் போட்டது. யாருமே தேடல."

மூட்டையை அவிழ்த்துக் கொட்டினாள். டீ குடித்த பேப்பர் கப்புகள். பிஸ்கட் உறைகள். தண்ணீர் பாட்டில்கள். ஜிகினாத் தூள் வந்த பாக்கெட்டுகள். உடைந்த தெர்மாகோல். கால் வைக்க இடமில்லாமல் அவை தரையெங்கும் உருண்டன.

"அடேயப்பா, இவ்வளவா! எங்கே போய்ப் பொறுக்கின?"

"எங்கியும் போவலங்க. நாலு நாளா இந்தக் கூடத்துல கூட்டி எடுத்ததுதான். பின்னால குமிச்சி வச்சிருந்தேன். இது வேஸ்ட்டுதான்னு நேத்து நீங்க சொன்னப்பறம்தான் எனக்கு வெளங்கிச்சி."

கண்ணகியின் முகம் செத்துப்போனது. பெயரை அடிக்கத் தயாராகத் திறந்து வைத்திருந்த பேனாவை மூடினாள்.

"என் பேரு இருக்குதுங்களா டீச்சர்?"

"இருக்கும்மா" என்றாள் கண்ணகி. பாப்பாத்தியை நேராகப் பார்க்க முடியவில்லை. கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தாள். அங்கே இந்த முனைக்கும் அந்த முனைக்கும் பளபளவென்று தொங்கியது ஃபிளெக்ஸ் பேனர்: 'குப்பையில்லா வீடு, கொண்டாட்டப் பொங்கல்.'

அவள் பார்வை போன இடத்தைப் பார்த்ததும் பாப்பாத்தி பதறிவிட்டாள்.

"ஐயோ, அத நான் தொடவே இல்லைங்க டீச்சர். அது வேஸ்ட்டு இல்ல. நீங்க போவும்போது குடுத்தீங்கன்னா, எங்க வூட்டுக் கூர மேல போட்டுக்குவேன். மழைக்கு ஒழுவுதுங்க."