நகராத எருமை

வானகரத்தில் ஒரு மாடியறையில் வீடியோ கேம் கம்பெனி நடத்தும் அலெக்ஸுக்கு அன்று வாழ்வா சாவா நிலைமை. கேமை வெளியிடும் நிறுவனத்தின் கிருஷ்ணப்பிரியா பெங்களூரிலிருந்து ஆன்லைனில் கேமின் டெமோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரு, தூசி, ஷேர் ஆட்டோ... அப்படியே நிஜம் அலெக்ஸ்! ஆனா அந்த எருமை அரைமணி நேரமா நடுரோட்டுலயே நிக்குது. அதைச் சரி பண்ணுங்க, உடனே கையெழுத்துப் போடறேன்."

அலெக்ஸ் மைக்கை அணைத்தான். "பாண்டியா, எருமையை நகர்த்துடா!"

புரோகிராமர் பாண்டியன் எழுந்தான். "தொடப்பம் எங்க கீது மாமே?"

எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினான். காலையிலிருந்து கேம் திறக்கவேயில்லை. திரையில் ஓடியது, ஜன்னல் கேமரா காட்டிய கீழ்த்தெரு.

எருமை நகர்ந்தது.

"சூப்பர்!" என்றார் கிருஷ்ணப்பிரியா. "துடைப்பத்தோட ஓடி வர்றானே, அவனை மட்டும் எடுத்துடுங்க. மனுஷன் மாதிரியே இல்ல."