நாலால் வகுத்த கணக்கு

இந்தக் காலத்தில் யாரும் எதையும் நேராகச் சொல்வதில்லை. செல்போனைப் பார்த்துக்கொண்டு சொல்கிறார்கள், இல்லாவிட்டால் அடுத்தவரிடம் சொல்லி அனுப்புகிறார்கள். என் மகள் கணக்காகப் போட்டுச் சொல்கிறாள்.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. இந்த வயதில் கல்லூரியில் சேர நுழைவுத் தேர்வு எழுதப் போகிறாள். மற்றதெல்லாம் போட்டுவிடுகிறாளாம், புள்ளியியல் மட்டும் காலை வாரிவிடுகிறதாம். அதனால் வீட்டில் கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணாக்கி, சமையல் மேடை முன்னால் நின்றபடி உரக்கச் சொல்லிப் பழகுகிறாள்.

நான் இருப்பது அவள் வீட்டில். அதாவது மாப்பிள்ளை வீட்டில்.

இருப்பதே இரண்டு அறை. அதில் ஒன்றை என் கட்டில் பிடித்துக்கொண்டிருக்கிறது. மாப்பிள்ளை இதுவரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்குச் சந்தேகமே அதில்தான்.

போன வாரம் அவர் என் அறைக்கு வந்து, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் டேப் வைத்து அளந்தார். எதற்கு என்றேன். "சும்மாதான் மாமா" என்றார்.

சும்மா எவனாவது அளப்பானா?

இன்று காலை ஹாலில் உட்கார்ந்து அறுந்த செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டிருந்தார்.

"எது திரும்பத் திரும்ப அதிகமா வருதோ அது முகடு" என்றாள் மகள். "நம்ம வீட்டு முகடு, 'யாரு அது?'"

மாப்பிள்ளை சிரித்ததில் கத்தி நழுவப் பார்த்தது. கதவு தட்டும்போதெல்லாம் நான் கேட்பதுதான். கிடங்கு கேட்டில் வாட்ச்மேனாக நின்றவன் வேறு என்னத்தைக் கேட்பான்?

அடுத்தது சராசரி.

"அப்பா எழுபத்தேழு, அவரு முப்பத்தஞ்சு, நான் முப்பத்திரண்டு. கூட்டினா நூத்தி நாப்பத்திநாலு. சராசரி நாப்பத்தெட்டு."

சராசரி என்றால் ஒன்றுக்கும் உதவாத ஆள் என்று நினைத்திருந்தேன். எப்படியோ, என்னையும் சேர்த்திருக்கிறாள். நிம்மதியாக ஊசியில் நூலைக் கோத்தேன்.

"இதே வயசை வச்சுக்கிட்டா, வருஷக் கடைசியில முப்பத்தாறு."

ஊசி விரலில் ஏறியது.

எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றே ஒன்று. உள்ளே இருப்பது குறைந்தால், ஏதோ கேட்டைத் தாண்டிப் போயிருக்கிறது. இந்த வீட்டில் எது போனால் இவ்வளவு குறையும்? சிறிசுகள் போனால் குறையாது. பெரிய மூட்டை நான்தான். டேப் எதற்கு வந்தது என்று இப்போது விளங்கிவிட்டது.

அறைக்குப் போய்ப் பையை எடுத்தேன். சட்டைகள், கண்ணாடிக் கூடு, பல்செட். மானத்தோடு போய்விட வேண்டும் என்று சமையலறை வாசலில் நின்றேன்.

"என்னை எங்க அனுப்பப் போறீங்கன்னு சொல்லிட்டா நானே போயிடுவேன்."

பல்லைப் பைக்குள் போட்டுவிட்டதால் பாதி காற்றாகத்தான் வந்தது. கோபத்தை இரண்டாம் முறையும் சொல்ல வேண்டியிருந்தது.

"யாருப்பா அனுப்புறா?"

"நீதானே முப்பத்தாறுன்னு சொன்ன."

மகள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். பாதி முகத்தில் நுரையோடு அவர் தரையைப் பார்த்தார்.

"ஆளைக் குறைக்கலப்பா. நாலால வகுத்தேன்."

"இருக்கிறது மூணு பேரு. இந்த லட்சணத்துல பரீட்சை வேற. நாலாவது ஆளோட வயசை எங்க கூட்டின?"

"கூட்டியாச்சு. பூஜ்யம்."

பூஜ்யம் வயதில் எந்த ஆளும் என் கேட்டுக்கு வந்ததில்லை. பழக்கதோஷம், வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"யாரு அது?"

மகள் ஈரக் கையைப் புடவையில், வயிற்றின் மேல் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"பரீட்சை முடியட்டும்னு இருந்தோம் மாமா" என்றார் மாப்பிள்ளை. "இப்பவே தெரிஞ்சா படிக்க வேணாம்னு சொல்லிடுவீங்கன்னு இவ பயந்தா."

அதைத்தான் சொல்ல வாயைத் திறந்தேன். நல்ல வேளை, பல் பைக்குள் இருந்தது.

பையைத் தூக்கிக்கொண்டு அறைக்குத் திரும்பினேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் அவர் அளந்த இடத்தைப் பார்த்தேன். அங்கே ஒரு பூஜ்யத்தைப் படுக்க வைப்பதென்றால், கட்டிலை இன்னும் கொஞ்சம் தள்ளினால்தான் சரியாக இருக்கும்.

ஆள் இன்னும் வந்து சேரவே இல்லை. அதற்குள் வீட்டில் தலைக்குப் பன்னிரண்டு வயது குறைந்துவிட்டதாம்.

குனிந்து கட்டிலைத் தள்ளினேன். என் முழங்கால் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை.